மாதிரி விடை

அன்புள்ள சின்னக்குட்டி,

வகுப்பில் என்னை 'மேடம்' என்கிறாய். விடுதிக்குப் போனால் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

முதலாண்டு புரோகிராமிங் பாடத்தில் நீங்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்த புரோகிராம்களை காப்பி கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டேன். அவசரத்தில், யாருக்கும் காட்டாத என் மாதிரி விடையும் கூடவே போய்விட்டது. உன்னுடையதும் என்னுடையதும் அச்சு அசல் ஒன்றுதான் என்கிறது அது.

துறைத்தலைவர் கூப்பிட்டார். "பொண்ணுக்கு விடையக் குடுத்துட்டீங்களா?"

"அவ என் போனையே எடுக்கிறதில்ல சார்" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை.

எனக்கு ஆச்சரியமில்லை. புரோகிராமுக்கு உள்ளே எந்தத் தகவலும் வராவிட்டால் என்ன செய்வது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது, பள்ளி நாளில் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பழகியது. கோபித்துக்கொண்டு கிளம்பியபோது அதை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியுமா?

செவ்வாய்க்கிழமை விசாரணைக் குழு உன்னைக் கூப்பிடும். "இப்படி எழுத யாரும்மா சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்பார்கள். வீம்புக்கு 'மேடம்' என்று சொல்லிவைக்காதே. என் வேலைக்கும் உன் படிப்புக்கும் சேர்த்து உலை வைத்துவிடும். சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொடுத்தது யாரோ, அவளைச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா