டோலோரஸின் ஊதாப் பந்து

அக்டோபர் 3, வியாழன்

இன்றைய பௌலிங் லீக் ஆட்டத்தில் பந்து திரும்பவே இல்லை. கையை விட்டதிலிருந்து கட்டைகளைத் தொடும்வரை தண்டவாளத்தில் போவது போல நேராகப் போனது. முன்பெல்லாம் கடைசிப் பத்தடியில் இடப்பக்கம் வெட்டித் திரும்பி, எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் தலைக்கட்டையின் விலாவில் இடிக்கும். இன்று தலைக்கட்டைக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஓரமாகப் போய்விட்டது. மூன்று ஆட்டமும் இதே கதை.

விர்ஜில் பீர் வாங்கிக் கொடுத்தான். எங்கள் அணித்தலைவன் தானாக பீர் வாங்கிக் கொடுத்தால் நல்ல செய்தி இருக்காது.

"லெஸ், அடுத்த மாசக் கடைசி, தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சரியாகலைன்னா கடைசி இடத்துல டோலோரஸைப் போடறேன். மனசுல வச்சுக்காதடா."

நாலு பேர் அணியில் கடைசியாக வீசுகிறவன்தான் ஆட்டத்தை முடித்துவைக்கிறவன். பதினோரு வருடமாக அது நான். டோலோரஸ் என் மனைவி. மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வது?

வண்டியில் வரும்போது, பந்தில்தான் கோளாறு என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்றாள். பிறகு ரேடியோவைத் திருகினாள்.

அக்டோபர் 5, சனி

பந்தில்தான் கோளாறு. அரங்கத்தின் மூலையில் பந்துகளுக்கு விரல் துளை போடும் கடை வைத்திருக்கும் கார்லீனே சொல்லிவிட்டாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"தடத்துல பூசற எண்ணெயெல்லாம் இது குடிச்சுத் தீத்திருக்கு. மேல்தோலும் தேஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. பிடிமானம் இல்லாம எங்கேர்ந்து திரும்பும்? விட்டுட்டுப் போ, செவ்வாக்கிழமை தரேன்."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பந்தைக் கொடுக்கவில்லை. நாற்பது வருடம் கார்களுக்கு ஒடுக்கு எடுத்து பெயின்ட் அடித்தவன் நான். உப்புத்தாள் பிடிக்க எனக்கு ஒருத்தி வேண்டுமா?

அக்டோபர் 6, ஞாயிறு

காலையிலேயே வீட்டின் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டேன். துளைகளில் தண்ணீர் போகாமல் டேப் ஒட்டி, தரை துடைக்கும் வாளியில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் விட்டுப் பந்தை முக்கினேன். கொஞ்ச நேரத்தில் மேலே மஞ்சளாகப் படலம் கட்டியது. எத்தனை வியாழக்கிழமைகளின் எண்ணெய்! அதைப் பார்க்கும்போது என் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பது கண்ணுக்கு நேராக மிதந்தது.

பிறகு உப்புத்தாள். முதலில் முரடு, அப்புறம் நடுத்தரம், கடைசியில் மெல்லியது. ஒவ்வொரு தாளாலும் பந்தை ஆறு பக்கம் திருப்பி ஒரே அளவாகத் தேய்க்க வேண்டும். டிவியில் பேக்கர்ஸ் அணியின் ஃபுட்பால் ஆட்டம் முடிந்ததுகூடத் தெரியவில்லை. பந்து சாம்பல் பூத்தது போல மங்கி, தொட்டால் கையைப் பிடிக்கிறது.

வாளியில் எண்ணெய் வாடை போகவில்லை என்று டோலோரஸ் கத்தினாள்.

அக்டோபர் 10, வியாழன்

திரும்பியது! 214 புள்ளி. விர்ஜில் முதுகில் தட்டினான். அடுத்த தடத்துக்காரர்கள், "எங்க பந்தையும் பாத்துக் குடுங்களேன்" என்றார்கள். வயது ஒன்றும் காரணமில்லை. தோள்பட்டையும் காரணமில்லை.

அக்டோபர் 17, வியாழன்

147. பந்து சீக்கிரமே திரும்பிவிட்டது. கொஞ்சம் மெருகு ஏற்ற வேண்டும்.

அக்டோபர் 24, வியாழன்

மெருகு அதிகமாகிவிட்டது. மறுபடி நேராகப் போகிறது. முரட்டுத் தாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

"ரெண்டு அடி நகந்து நின்னு பாரேன்," என்றாள் டோலோரஸ். பதினோரு வருடமாக அந்த இடத்தில்தான் நிற்கிறேன். இடத்தில் கோளாறு இருந்தால் இத்தனை நாள் தெரிந்திருக்காதா?

நவம்பர் 2, சனி

டோலோரஸ் ஷெபாய்கனுக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவளுடைய ஊதாப் பந்து பையில் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து துண்டால் துடைத்ததைத் தவிர அவள் அதற்கு எதுவும் செய்ததில்லை. பளபளவென்று வழுக்குகிறது. அதை வைத்துக்கொண்டே வாரத்துக்கு வாரம் என்னைவிட அதிகம் எடுக்கிறாள். ஊரார் பந்தையெல்லாம் தேய்த்துக் கொடுக்கிறவன் வீட்டில் மனைவி பந்து இப்படியா கிடக்க வேண்டும்?

தேய்த்துவிட்டேன். வெந்நீர், முரடு, மெல்லியது, எல்லாம். இதுவரை நான் தேய்த்ததிலேயே நல்ல வேலை இதுதான்.

இது உதவிதானே? ஆமாம். உதவிதான்.

நவம்பர் 7, வியாழன்

என்னத்தைச் சொல்ல. முதல் வீச்சு — பாதித் தூரத்திலேயே பந்து வளைந்து இடப்பக்கப் பள்ளத்தில் போய் விழுந்தது. இரண்டாவதும். அரங்கமே திரும்பிப் பார்த்தது. அவள் பந்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ஆட்டம் தொடங்கிவிட்டால் பந்தின் மேல்தோலில் கைவைக்கக் கூடாது என்பது விதி. மூன்று ஆட்டமும் அதோடுதான் மல்லுக்கட்டினாள். எனக்கு 188. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

வண்டியில்:

"என் பந்தை என்ன பண்ணின?"

"புதுசாக்கிக் குடுத்தேன்."

"நான் கேட்டேனா? இத்தனை வருஷமா அது எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். நான் எப்படிப் போடுவேன்னு அதுக்குத் தெரியும். நடுவுல நீ யாருய்யா?"

நான் ரேடியோவைத் திருகினேன். அவள் அதை அணைத்தாள்.

"கடைசி இடத்துக்காகவா, லெஸ்டர்?"

"சேச்சே. இல்ல." — கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

மீன் வறுவல் சாப்பிடப் போனோம். டோலோரஸ் பரிமாறுகிற பெண்ணிடம் மட்டும் நன்றாகப் பேசினாள்.

நவம்பர் 10, ஞாயிறு

பழையபடி பளபளப்பாக்கித் தருகிறேன் என்றேன். "இனிமே அதைத் தொட்டே, கை இருக்காது," என்றாள்.

அதற்காகவா செய்தேன்? அப்படி ஒரு நினைப்பு எனக்கு வரவே இல்லை. வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதா? தெரியாமலே ஒருத்தனுக்கு உள்ளே ஓடுமா? சீ. வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 14, வியாழன்

டோலோரஸ் எப்போதும் நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. இடப்பக்கம் நன்றாகத் தள்ளி, பந்துகள் வந்து சேரும் மேடையை ஒட்டி நின்றாள். வலப்பக்க ஓரத்தைப் பார்த்து வீசினாள். பள்ளத்தில் விழுந்தது என்றே நினைத்தேன். விளிம்பு வரை போய், மனசு மாறினது போலத் திரும்பி வந்து, பத்துக் கட்டையையும் அள்ளிக்கொண்டு போனது.

"ஏய், இதை யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டான் விர்ஜில்.

"யாரு சொல்லணும்? அது அந்தப் பக்கம் போறேங்குது, நான் இந்தப் பக்கம் தள்ளி நின்னுக்கிட்டேன். அவ்வளவுதான்."

எனக்கு 152.

நவம்பர் 21, வியாழன்

மூன்று ஆட்டம் சேர்த்து அவளுக்கு 611. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அறுநூறைத் தாண்டியிருக்கிறாள். மதுக்கூடத்தில் மணி அடித்தார்கள். எல்லோர் முன்னாலும், "லெஸ்தான் என் பந்தைத் தேச்சுக் குடுத்தான்," என்றாள். குத்திக்காட்டினாளா, மெச்சிக்கொண்டாளா — முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை. ஆறு பேர் என்னிடம் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

விர்ஜில் மறுபடி பீர் வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

நவம்பர் 28, வியாழன்

தேங்க்ஸ்கிவிங். லீக் இல்லை. வான்கோழி கொஞ்சம் வறண்டுவிட்டது. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

புள்ளித் திரையில் முதல் பெயர் லெஸ்டர். கடைசிப் பெயர் டோலோரஸ். தெரிந்ததுதான். இருந்தும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

முதலில் வீசுகிறவனுக்கு ஒரு வசதி, சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் கை கட்டி உட்கார்ந்திருக்கலாம். பதினோரு வருடமாக மற்ற மூன்று பேரும் இப்படித்தான் உட்கார்ந்து என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

மூன்றாவது ஆட்டம் கடைசிச் சுற்று வரை இழுத்தது. அவள் பத்தையும் வீழ்த்தினால் ஜெயம். அவள் தள்ளி நின்று மூச்சு இழுத்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இடப்பக்கம் போய்த் தொலையட்டும் என்று நினைத்தேன். எழுதாமல் விட்டுவிடலாம், ஆனால் நினைத்தேன். பந்து கையை விட்டபோது நான் எழுந்து நின்றிருந்தேன். "திரும்பு, திரும்பு" என்று கத்தியது நான்தான் என்று விர்ஜில் சொல்கிறான்.

திரும்பியது.

வண்டியில் வரும்போது, "மறுபடி வழவழன்னு ஆகுது. சனிக்கிழமை தேச்சு வை," என்றாள். "அன்னிக்குத் தேச்ச மாதிரியே. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

சரி என்றேன்.

வெளியே கடும் உறைபனி. இந்தக் குளிரில் விட்டால் பந்து விரிசல் விட்டுவிடும். ஊரில் யாரும் ராத்திரி பந்தை வண்டியில் விடுவதில்லை. ஊதாப் பந்தை என் கோட்டில் சுற்றி உள்ளே கொண்டுவந்து, அடுப்புக்கு அருகில் இல்லாமல், கதவுக்கும் அருகில் இல்லாமல், சமையலறை மூலையில் வைத்தேன். என்னுடையது வண்டியிலேயே இருக்கிறது. காலையில் எடுத்துக்கொள்ளலாம்.