கூப்பிட்டால் தோள் மாற்ற வேண்டும்

நர்ஸம்மா,

இன்று காலை ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிகளைத் தொட்டில் கட்டித் தூக்கும் டோலிக்குப் புது மூங்கில் வந்து இறங்கியது. பழையது நடுவில் விரிசல் விட்டுவிட்டது என்று ஆண்டியப்பன் மலையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து, விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். பச்சை மூங்கிலும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை சமையல்கட்டு வரைக்கும் வந்தது. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். "ரோசம்மா, பருப்பு தீயுது" என்று நீங்கள் பின்னால் வந்து சொல்வது போல இருந்தது. நிஜமாகவே தீய்ந்துவிட்டது. அந்தப் பழியையும் உங்கள் தலையில்தான் போடப்போகிறேன். திருப்பிப் பேச நீங்கள் இல்லாதது எனக்கு ரொம்ப வசதி.

காவலூருக்கு மேலே நாம் முதன்முதலாக முகாம் போட்டது உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தின மழைக்காலம். மலைக்காய்ச்சல் வீட்டுக்கு வீடு புகுந்திருந்தது. சாமை முற்றி நின்றும் அறுக்க ஆளில்லை. ஒரு பழைய தகரக் கொட்டகை நமக்குக் கிடைத்தது. மருந்து கலக்க அருளப்பன் கம்பவுண்டர், நடக்க முடியாதவர்களைத் தூக்கிவர ஆண்டியப்பனும் அவன் ஆட்களும், சமைக்கவும் நோயாளிகளைக் கழுவித் துடைக்கவும் நான். எல்லாருக்கும் மேலே நீங்கள்.

உங்களைப் பார்த்து நாங்கள் பயந்தோம் என்று இப்போது சொன்னால் என்ன? அந்த முகாமில் களைப்பு என்பது திருட்டுச் சாமான் மாதிரி. ஆளுக்குக் கொஞ்சம் ஒளித்து வைத்திருந்தோம். நீங்கள் எல்லாருக்கும் கடைசியாக, நின்றுகொண்டே சாப்பிடுவீர்கள். நீங்கள் நிற்கும்போது வேறு யார் உட்கார முடியும்? ஒரு நாள் கம்பவுண்டர் கையில் மருந்துப் புட்டியோடு தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டார். "தூங்கறதுன்னா கீழ எறங்கிப் போயிடு அருளப்பா. தூங்க ஆளு வேணும்னு நான் கேக்கல" என்றீர்கள். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு மருந்து கலக்கப் போனார்.

நான் மட்டும் வாயைக் கட்டவில்லை.

"உங்க சபையில உக்காந்து சாப்புட்டா பாவமா நர்ஸம்மா? எங்க மாதா கோயில்ல சாமியாரே நாற்காலி போட்டுத்தான் சாப்புடறாரு."

"உன் வாய்க்கு ஒரு மாத்திரை இருந்தா மொதல்ல அதத்தான் வாங்குவேன்" என்றீர்கள். சிரிக்கவில்லை.

பிறகு அந்தக் கர்ப்பிணிப் பெண்ணைக் கீழே திருப்பத்தூர் ரோட்டுக்குக் கொண்டுபோன நாள். டோலிக்குப் பக்கத்தில் நாடியைப் பிடித்தபடி நீங்கள் நடந்தீர்கள், குடை பிடித்துக்கொண்டு நான். இறக்கத்தில், தோளில் சுமை இல்லாமல் பின்னால் வந்த ஆண்டியப்பன் திடீரென்று "தோள் மாத்து!" என்று குரல் கொடுத்தான். முன்னால் சுமந்தவன் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஒதுங்கினான். ஆண்டியப்பன் தோள் கொடுத்தான். டோலி ஆடக்கூட இல்லை.

"அவன் முடியலன்னு சொல்லவே இல்லையே?" என்று ஆண்டியப்பனைக் கேட்டீர்கள்.

"அவன் எங்கம்மா சொல்லுவான்? கேட்டா திருப்பத்தூர் வரைக்கும் நானே தூக்குறேன்னுவான். அவன் முட்டி ஆடுறது பின்னால வர்றவனுக்குத்தான் தெரியுது. கூப்புட்டா மாத்திரணும். அதுல ரோசம் கீசம் ஒன்னும் கெடையாது."

"ம்" என்றீர்கள். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் நாடியைவிட்டு உங்கள் கவனம் நகரவில்லை. எனக்கோ கிண்டலுக்குப் புதுச் சரக்கு கிடைத்த சந்தோஷம்.

மறுநாள் கம்பவுண்டர் கல்வத்தில் மருந்து இடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று "தோள் மாத்து!" என்று கத்தினேன். பதறி எழுந்தார். குழவியைப் பிடுங்கிக்கொண்டு நான் இடித்தேன். அவர் வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வந்தார், முகம் தெளிந்திருந்தது. அடுத்த நாள் நான் தண்ணீர்க் குடத்தோடு மேட்டில் ஏறும்போது அவரே கூப்பிட்டார். ஆண்டியப்பனின் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். விளையாட்டாக ஆரம்பித்தது முகாமின் பழக்கமாகிவிட்டது. நீங்கள் மட்டும் அதற்கு வெளியே இருந்தீர்கள். உங்களை யார் கூப்பிடுவது?

அப்புறம் உங்களுக்கே காய்ச்சல் வந்தது.

நர்ஸ் படுத்துவிட்டால் முகாமைக் கட்டிக்கொண்டு எல்லாரும் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது கீழே ஆஸ்பத்திரியில் இருந்த பெரிய டாக்டரின் உத்தரவு. நாம் இறங்கினால் அந்த மலையில் மருந்து என்று ஒரு சொட்டு கிடையாது. அதனால்தான் மறைத்தீர்கள், தெரியும். ஆனால் உச்சி வெயிலில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு நின்றால் எனக்குமா தெரியாது?

"பல்லு தந்தி அடிக்குதே, யாருக்கு நர்ஸம்மா சேதி?"

"குளுருது."

"வெயிலு மண்டையப் பொளக்குது."

"ரோசம்மா. அடுப்பப் பாரு."

போனேன். ஆனால் அடுப்பைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நீள வரிசை. முதலில் ஒருத்தி, மடியில் பிள்ளையோடு. ஊசியை எடுத்தீர்கள். கை நடுங்கியது. மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றி மறுபடியும் எடுத்தீர்கள். மறுபடியும் நடுங்கியது. தாய்க்காரி பிள்ளையின் தொடையைக் கையால் மூடிக்கொண்டாள். ஊசி தப்பான இடத்தில் இறங்கினாலும் போச்சு, நீங்கள் மயங்கி விழுந்தாலும் போச்சு.

"நர்ஸம்மா, தோள் மாத்து" என்றேன்.

நீங்கள் பார்த்த பார்வையில் என் பாதி உயிர் போய்விட்டது. "எதுல வெளையாடறதுன்னு இல்ல?" என்றீர்கள். அப்போது கம்பவுண்டர், அந்த வாயில்லாப் பூச்சி, மருந்து மேசைக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "தோள் மாத்துங்கம்மா." வாசலில் நின்ற ஆண்டியப்பன் சொன்னான். வரிசையில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் தலையை வெளியே நீட்டி, "தோள் மாத்து தாயி, கூப்புட்டாங்கல்ல!" என்று அதட்டினார். மலைக்காரர்கள் எல்லாருக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த குரல் அது. வரிசை முழுக்க, பெண்டு பிள்ளைகள் வரைக்கும், "தோள் மாத்து! தோள் மாத்து!" என்று ஒரே சத்தம். காய்ச்சல்காரர்களுக்கு அவ்வளவு தொண்டை எங்கிருந்து வந்ததோ.

"ஐயோ, மலையே சேந்து என்னைத் தொரத்துதே" என்று நீங்கள் அப்படியே உட்கார்ந்து சிரித்தீர்கள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஊசியைக் கம்பவுண்டரிடம் நீட்டி, "கொதிக்க வெச்சு எடு. அவசரப்படாத" என்றீர்கள். ஊசி போட அவருக்கு முன்பே தெரியும், நீங்கள்தான் விட்டதில்லை. அவர் கை ஆடவில்லை. பிள்ளை வீறிட்டது, தாய் கும்பிட்டாள், வரிசை நகர்ந்தது.

கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே கீழே ஆள் அனுப்பச் சொன்னீர்கள். "எதையும் மறைக்க வேணாம். நான் படுத்திருக்கேன், வேலை நடக்குது, ரெண்டையும் சொல்லு." பெரிய டாக்டரே மூச்சிரைக்க ஏறி வந்தார். வரிசை நகர்வதைப் பார்த்தார், கம்பவுண்டரின் கையைப் பார்த்தார், கஞ்சியில் உப்பில்லை என்று நீங்கள் என்னோடு சண்டை பிடிப்பதையும் பார்த்தார். "நடக்கட்டும்" என்று சொல்லி இறங்கிப் போனார். முகாம் தங்கியது.

எழுந்து வந்தது பழைய நர்ஸம்மா இல்லை. அதே அதட்டல்தான், ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், எங்களோடு. சாவு நடந்த வீட்டுக்கு யாரையும் தனியாக அனுப்பவில்லை. போய் வந்தவர் கையில் உடனே அடுத்த வேலையைக் கொடுக்கவும் இல்லை. "அடுப்பங்கரையில கொஞ்சம் உக்காந்துட்டு வா. மருந்து எங்கயும் ஓடிடாது" என்பீர்கள். கம்பவுண்டரைத் தூணோரம் அதட்டியதற்கு ஒரு நாள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டீர்கள். அவர் வெட்கம் தாங்காமல் வெளியே ஓடிவிட்டார்.

அடுத்த வருஷ முகாமில் நான் மேல் ஊரில் ஒரு பச்சைப் பிள்ளையைக் கழுவினேன். பிழைக்க வேண்டி அல்ல, புதைப்பதற்காக. அன்று கொட்டகைக்குத் திரும்பியதும் கம்பவுண்டரின் மீசையைக் கிண்டலடித்தேன். ஆண்டியப்பனின் நடையைப் போல நடந்து காட்டினேன். பெரிய டாக்டர் மூச்சிரைக்க மலையேறியதை நடித்துக் காட்டினேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தீர்கள்.

"ரோசம்மா, தோள் மாத்து."

"நான் இன்னாத்த சொமக்குறேன் நர்ஸம்மா? கரண்டியா?"

"இன்னிக்கி நீ ரொம்ப சிரிக்க வெக்கிற" என்றீர்கள். "வா, இப்டி உக்காரு."

பதிலுக்குக் கிண்டலடிக்க வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அழுது முடித்த பிறகு என் அடுப்பை நீங்களே எடுத்துக்கொண்டு சாமைக் கஞ்சி வைத்தீர்கள். பாதி வேகாதது, பாதி அடிப்பிடித்தது. நோயாளிக்குக் கொடுத்திருந்தால் கேஸ் ஆகியிருக்கும். நான் ஒரு பருக்கை விடாமல் குடித்தேன்.

போன வருஷம் நீங்கள் வேலூரில் கண்ணை மூடினீர்கள். சேதி வந்தபோது நாங்கள் மலையில், முகாமில் இருந்தோம். வேலையை நிறுத்தவில்லை, ஆனால் ஒவ்வொருவராக அடுப்பங்கரைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். எங்களை நீங்கள் கெடுத்து வைத்திருக்கிறீர்கள், பாருங்கள்.

இப்போது புதிதாக வந்திருக்கும் நர்ஸு நல்ல கலகலப்பு. என் வாய்க்குச் சரியான எதிர்வாய். நேற்று அமிர்தி ஊர்ப் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போனாள். தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. திரும்பி வந்து சாப்பாட்டில் உட்கார்ந்தவள் கழுதை மிரண்ட கதை, கம்பவுண்டர் சேற்றில் வழுக்கிய கதை என்று ஒன்று மாற்றி ஒன்று எடுத்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாவது கதை தொடங்கும்போது அவள் தட்டைப் பார்த்தேன். சோறு வைத்தபடி இருந்தது.

"தோள் மாத்து கண்ணு" என்றேன்.

"எனக்கு இன்னா ஆயா, நல்லாத்தானே கீறேன்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்ச தூரம் போய் நின்றது.

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாக்கு நுனியில் நாலு வேடிக்கை தயாராக நின்றது, ஒன்றையும் வெளியே விடவில்லை. அவள் அழுதாள், நான் சும்மா இருந்தேன். அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருப்பதைப் பார்த்த கம்பவுண்டர் கலவரப்பட்டு, எனக்கும் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.