இரண்டு பெட்டரிக்கும் ஒரே போல்ட்

என் பிரியமுள்ள பெனடிக் மச்சானுக்கு,

வருகிற கார்த்திகையோடு நீ போய் ஒரு வருடம். அங்கே சுகமா? இங்கே சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு செய்தி நல்லது. மற்றது உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது.

நல்லதை முதலில் சொல்கிறேன். நாலு வருடம் சாப்பாட்டையும் மறந்து நீ கட்டிய விமானம் மாம்புரித் தோட்டத்துக் கொட்டகையில் அப்படியே இருக்கிறது. இரண்டு பேர் விலைக்குக் கேட்டு வந்தார்கள். உன் மனைவி, என் தங்கச்சி ஸ்டெல்லா, மறுத்துவிட்டாள். "அவர் செஞ்சது ஒரு தரமாவது மேல போகணும், அண்ணா" என்றாள். அவளுடைய பிடிவாதம் உனக்குத் தெரியாததா? கொழும்பில் ஒரு விமானியைத் தேடிப் பிடித்து, வந்து பார்க்கவும் சொல்லிவிட்டாள். அவர் வருமுன் துடைத்து வைக்கலாம் என்று போன மாதம் நாங்கள் இருவரும் கொட்டகையைத் திறந்தோம்.

அன்றைய கதைக்கு முன் பழைய கதை ஒன்று. நீ மறந்திருக்க மாட்டாய்.

அந்த எஞ்சினுக்குப் பெற்றோல் அளந்து விடுவதும் பொறி தட்டுவதும் ஒரு சின்ன கொம்பியூட்டர் பெட்டி. கரண்ட் நின்றால் பெட்டி நிற்கும், பெட்டி நின்றால் எஞ்சின் நிற்கும். அதனால்தான் இரண்டாவது பெட்டரி வைத்தோம். வயர் வேலை முழுவதும் என்னுடையது. மதுரங்குளியில் இருபது வருடம் வேனுக்கும் லொறிக்கும் வயர் இழுத்தவனுக்கு இதென்ன பெரிய வேலை என்ற நினைப்பு எனக்கு.

வேலை முடிந்த அன்று நீ கேட்டாய்: "மச்சான், எஞ்சின் ஓடக்குள்ள ஒவ்வொரு வயராக் கழட்டிப் பாப்பமா? எதக் கழட்டினா நிக்கிது எண்டு தெரியணுமே."

நியாயமான கேள்வி. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்ட வேலையில நம்பிக்கை இல்லாட்டி வேற ஆளப் புடி" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று நாள் உன் வாசல் மிதிக்கவில்லை. நாலாம் நாள் நீயே பாணும் கருவாட்டுக் குழம்பும் கொண்டு வந்தாய். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு நீ எடுக்கவே இல்லை.

பறக்கவும் இல்லை. காற்று சரியில்லை என்றாய், மழை வரட்டும் என்றாய், மழை போகட்டும் என்றாய். எட்டு மாதம். நான் சும்மா இருந்தேனா? ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் துணிப்பட்டத்தில் தொங்கிக்கொண்டு பறக்கிறார்கள், எஞ்சின் வைத்திருக்கிற உனக்கு நடுக்கமா என்று நாலு பேர் முன்னால் கேலி செய்தேன். நீ சிரித்து வைத்தாய். பிறகு அந்த நெஞ்சுவலி. புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். ஸ்டெல்லா துணியோடு எஞ்சினுக்குப் பின்னால் குனிந்திருந்தாள். வயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் போனவள் சட்டென்று நின்றாள்.

"அண்ணா, எங்கட அப்பாட போட்டில ரெண்டாவது எஞ்சினுக்கு வேற டேங்க், வேற குழாய். ஒண்டுல தண்ணி கலந்தாலும் மத்ததில கரைக்கு வந்துருவார். இதில ரெண்டு பெட்டரிட கறுப்பு வயரும் ஏன் ஒரே எடத்துக்குப் போகுது?"

"அது எர்த். உனக்கு வெளங்காது" என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன்.

மச்சான், இரண்டு பெட்டரிக்கும் கொம்பியூட்டர் பெட்டிக்கும் சேர்த்து ஒரே ஒரு போல்டில் நான் எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வழி, கொடுத்திருந்தேன். வேனில் அப்படித்தான் செய்து பழக்கம். உப்புக்காற்றில் அந்த போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. எஞ்சினை ஓட விட்டு அதைத் தளர்த்தினேன். எஞ்சின் நின்றது. இரண்டாவது பெட்டரியின் சுவிச்சைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. வேன் நின்றால் இறங்கித் தள்ளலாம். கடலுக்கு மேலே எங்கே இறங்குவது? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையும் இல்லை.

அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். நாம் சண்டை போட்டதையும் நான் கேலி செய்ததையும் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும்.

"அவருக்குப் பயமில்ல, அண்ணா. 'நான் திரும்பவும் கேட்டா மச்சான்ட மனசு நோகும். அவனா ஒரு நாளைக்குக் கழட்டிப் பாப்பம் எண்டு சொல்லுவான், அதுவரைக்கும் இருக்கட்டும்' எண்டுதான் சொல்லுவார்."

என் மனசு நோகக்கூடாது என்று உன் ஆசையையே ஒதுக்கி வைத்தாயா? ஏன் எனக்கு ஒரு அறை போடவில்லை? போட்டிருக்கலாம், மச்சான். நான் மூன்று நாளில் திரும்பி வந்திருப்பேன்.

வயர் முழுவதையும் உருவி எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்தேன். ஒவ்வொரு பெட்டரிக்கும் வேறு வேறு எர்த், வேறு வேறு இடம், கொம்பியூட்டர் பெட்டிக்கும் இரண்டு பக்கமாக. போல்டுகளுக்குக் கிரீஸ் பூசினேன். ஸ்டெல்லா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது விமானி வந்துவிட்டார். அமைதியான மனிதர். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவர் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்: "ஐயா, என்னை நம்ப வேணாம். எஞ்சின் ஓடக்குள்ள ஒவ்வொரு வயராக் கழட்டிப் பாருங்க."

அவர் கழட்டினார், ஒவ்வொன்றாக. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டெல்லா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அடுத்த மாதம் லொறியில் ஏற்றி ஓடுபாதைக்குக் கொண்டு போகிறோம்.

இனி என் வேலையை யார் சந்தேகப்பட்டாலும் கோபிக்க மாட்டேன். கேட்குமுன் நானே கழட்டிக் காட்டுவேன். இது உனக்குத் தருகிற வாக்கு. விமானியிடம் அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை, மச்சான். அதை அன்றே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ பறந்திருப்பாய்.

பிந்தி வாய் திறந்த உன் மச்சான்,
அல்போன்ஸ்