சுவரில் தொங்கும் என் படம்

மஸ்கட்
12.3.1984

அன்புள்ள ஆவுடைத்தாய்க்கு,

நான் சுகம். நீயும் செண்பகமும் சுகமாக இருக்கக் கோமதியம்மன் துணை. நான் கொடுத்துவிட்ட கேமராவில் நீ எடுத்த போட்டோக்கள் வந்தன. செண்பகம் சோறு தின்கிற படத்தில், பின்சுவரில், செத்துப்போன அப்பா படத்துக்குப் பக்கத்தில் என் படமும் தொங்குகிறது. இரண்டுக்கும் மாலை.

அறையில் கூட இருக்கும் பிச்சையா பார்த்துவிட்டு, "உம்மள மாதிரியே இருக்காரே, யாருவே அது?" என்றான். செத்துப்போன அண்ணன் என்று சொல்லிச் சிரித்துவிட்டேன்.

தாத்தாவுக்குப் போட்ட கையோடு பிள்ளை எனக்கும் போட்டிருப்பாள். அவளை ஏசாதே. படம் எடுத்த உன் கண்ணுக்குமா அது படவில்லை?

ஊரிலிருந்து வருகிற ஆளிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. மாலையைக் கழற்று.

இன்னும் உயிரோடு இருக்கும்,
வேல்சாமி