பக்கத்து இருக்கையின் பிரேக்

மார்ச் 3

அன்பு வாலுவுக்கு,

போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், உன் அம்மா போனைப் பிடுங்கிவிடுவாள். அதனால் கடிதம்.

அந்த விபத்து வழக்கு பதினெட்டாம் தேதி. அன்றைக்கு மதிய விருந்தில் குடித்தேன், மறுக்கவில்லை. குடித்தவன் ஓட்டக் கூடாது என்ற சட்டத்தை மதித்துத்தான், ஓட்டப் பழகும் உன்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பயிற்சியாளர் இருக்கையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பவனும் ஓட்டுநரே என்கிறது அதே சட்டம். இருபது வருடமாக நானே நடத்தும் பாடம். அன்றைக்கு மட்டும் நினைவுக்கு வரவில்லை.

தண்டித்தால் ஒரு வருடம் லைசென்ஸ் கிடையாது, அபராதம், குடித்து ஓட்டியவர்களுக்கான எட்டு சனிக்கிழமை வகுப்பு. நம் டிரைவிங் ஸ்கூலையும் மூட வேண்டும். வக்கீல் சொல்கிறார்: "பொண்ணு ஒரே வார்த்தை சொல்லட்டும் சார், பிரேக்க நான்தான் மிதிச்சேன்னு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

யோசித்துச் சொல். சளிக்கு மருந்து சாப்பிட்டாயா?

உன் அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி போய்விட்டது. தூக்கமும்தான்.

அன்று நாய் எதுவும் குறுக்கே வரவில்லை. நீங்கள்தான் "நாய், நாய்!" என்று மிதித்தீர்கள். பின்னால் வந்த தபால்காரர் நம் வண்டியில் மோதி விழுந்தார். அவர் கை ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இந்தக் கடிதத்தை உங்களிடம் கொடுப்பவர் அவருக்குப் பதில் வந்த ஆளாக இருப்பார்.

பழியை ஏற்றுக்கொள்ளக்கூட முடியும். அப்புறம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாதுப்பா. நடந்ததைத்தான் சொல்வேன்.

சொன்ன பிறகு வீட்டுக்கு வரட்டுமா, நேராக விடுதிக்கே போய்விடட்டுமா? எழுதுங்கள்.

உங்கள் வாலு

மார்ச் 20

அப்பாவுக்கு,

பதில் வரவில்லை. கோர்ட்டில் நடந்ததைச் சொன்ன பிறகும் நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. அதனால் பஸ் ஏறிவிட்டேன். சொல்லிக்கொள்ளாமல் வந்ததற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 6

என் செல்ல வாலுவுக்கு,

நான்கு முறை பதில் எழுதினேன். நான்கிலும் நியாயம் என் பக்கமே இருந்தது. அதனால் கிழித்துவிட்டேன்.

சனிக்கிழமை வகுப்பு தொடங்கிவிட்டது. பாடம் எடுப்பவர் என்னிடம் படித்து ரிவர்ஸில் மூன்று தடவை தோற்றவர். "சார்தான் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தவரு. இப்ப உதாரணத்துக்கும் அவரே வந்திருக்காரு" என்று அறிமுகம் செய்து, முன் வரிசையில் உட்காரவைத்தார்.

நம் ஸ்கூல் பெயர்ப் பலகையை இறக்கிவிட்டேன். பிறகு தபால்காரர் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையோடு கதவைத் திறந்தவர், "கோர்ட்ல அழுதுகிட்டே பேசுச்சே அந்தப் பொண்ணு, நல்லா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். "அது என் பொண்ணுங்க" என்றேன். அன்றைக்கே உன் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், கண்ணு.

உனக்கு டெஸ்ட் பதினேழாம் தேதி. எதிர்த் தெரு டிரைவிங் ஸ்கூல் அம்மாவிடம் பேசிவிட்டேன். இத்தனை வருடம் நான் திட்டியதையெல்லாம் மறந்து, மிச்ச வகுப்பை அவரே எடுக்கிறார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துதான் வருவேன், கொஞ்சம் முன்பின் ஆகும். கிளம்பிப் போய்விடாதே.

உன் அப்பா