அப்பாவின் அமெரிக்கக் கடிதத்தில் அண்ணை வெட்டச் சொல்லும் வரிகள்

பயணமென்றால் முதல் ஆளாய்ப் பெட்டி கட்டும் என் அப்பாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் மூன்று கிழமை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த வைலேயில் விடாத மழை. உங்கள் பழைய பாஸ்போர்ட்டுகளுக்கிடையில் ஒரு கடிதம் கிடைத்தது. இளவயதில் கப்பல் குசினியில் சமையல் வேலை செய்து, முதல் தடவை அமெரிக்காவில் இறங்கியபோது அப்பம்மாவுக்கு நீங்கள் எழுதியது.

துறைமுகத்திலிருந்து தெற்கே பஸ்ஸில் போயிருக்கிறீர்கள். இருபுறமும் பருத்தி வயல், நாள் முழுக்கப் போயும் முடியாத ரோட்டு. பிறகு அந்தச் சாப்பாட்டுக் கடை. கறுத்த ஆள் என்று உள்ளே விடாமல் பின்கதவால் தட்டை நீட்டினார்களாம். "அம்மா, வெளியே நின்றபடி சாப்பிட்டேன். எங்கள் வீட்டுப் பின்கோடியில் நாங்கள் நிறுத்தி வைக்கிற ஆட்களை நினைத்தேன். இனி அவர்களை உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள்."

உங்கள் முப்பத்தோராம் நாளில் மண்டபத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு நினைவுப் புத்தகத்தில் கடிதத்தைப் போட அண்ணைக்கு விருப்பம். இந்த வரிகள் மட்டும் வேண்டாமாம். தான் இருக்கும் புரொண்பி நகரிலிருந்து போன் எடுத்தார்.

"பயணக் கதையை மட்டும் போடுவம். சாதிக் கதை எதுக்கு? நாலு சனம் வாற இடம்."

"வெட்டினா அந்தப் புத்தகம் மண்டபத்துக்குள்ள வராது, அண்ணை."

"நீ எப்பவும் இப்பிடித்தான்."

"ஓம், இப்பிடித்தான்."

உங்களோடும் எனக்குக் கணக்கிருக்கிறது. வயோதிபர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் வசந்தியை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஊரில் எந்தப் பகுதி, யாருடைய பிள்ளை என்று துருவித் துருவிக் கேட்டீர்கள். பிறகு எங்களுக்குப் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி, அவளுக்கு மட்டும் கடதாசிக் கப்பில். குடித்துவிட்டுப் போனவள் திரும்ப வரவேயில்லை. நானும் அன்று வாய் திறக்கவில்லை.

இந்தக் கடிதத்தை எழுதியவரும் நீங்கள்தானே அப்பா? இடையில் உங்களுக்கு என்ன நடந்தது? உங்களை நினைத்து ஒழுங்காக அழக்கூட முடியாமல் கோபம் வருகிறது.

நேற்று வசந்தியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள்.

"முப்பத்தொண்டுக்கு வாறியா?" என்று கேட்டேன்.

"வந்தா முன்வரிசையிலதான் இருப்பன்" என்றாள்.

அண்ணை அச்சடித்தாலும் சரி, விட்டாலும் சரி, உங்கள் கடிதத்தை ஒரு வரி விடாமல் மண்டபத்தில் நானே வாசிப்பேன். நீங்கள் எழுதியபடி நடக்கவில்லை என்பதையும் சொல்வேன். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததையும் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

சொல்வழி கேளாத,
உங்கள் கடைக்குட்டி