திரிபோஷா பை

ஒக்டோபர், செவ்வாய் இரவு.

மருத்துவிச்சி மிஸ் இன்று எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். மனைவி சுதா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிருந்தாள்.

"சுதா எங்க தம்பி? கிளினிக் பக்கமே ஆளக் காணோம்? ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

போன மாதம் கருவைக் கலைத்துவிட்டோம். இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. இங்கே அது சட்டப்படி குற்றம்; வெளியே தெரிந்தால் பொலிஸ் வரை போகும்.

"மலைக்குப் போயிருக்கு மிஸ்" என்று மட்டும் சொன்னேன்.

"வயித்துப் புள்ளையோட இந்த மழையிலயா? கம்பஸ் வரைக்கும் படிச்ச அப்பாதானே நீங்க?"

சிரித்துக்கொண்டே, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷா மாவுப் பையை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மாலையில் சுதா அதைப் பார்த்தாள். "தானா கலைஞ்சிருச்சுன்னு சொல்லுவோம்னு பேசி வச்சோமேங்க."

பயந்துவிட்டேன் என்றேன். அது முழு உண்மையில்லை. இதுவரை யாரும் என்னை அப்பா என்று சொன்னதில்லை. இன்று ஒருவர் சொன்னதும், இல்லை என்று மறுக்க வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மிஸ் சுதாவைப் பார்க்க மறுபடி வருவார். அதற்குள் சுதாவிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால், கலைத்ததற்கு அவளைக் குறை சொல்வதாக நினைப்பாளோ? அப்படியில்லை என்பதை எப்படிச் சொல்வது?

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"எழுதினது போதும், வாங்க" என்கிறாள். அழுத குரல்.